பன்னிரண்டு மாதக் கரண்ட் பில்

வாசகர் கேள்வி: திருச்சியில் 22 வருடமாக எலக்ட்ரிகல் மொத்த வியாபாரம் செய்கிறேன். ஒயர், கேபிள், சுவிட்ச்கியர், லைட்டிங் என்று மூன்று கம்பெனிகளுக்கு டிஸ்ட்ரிபியூட்டர். விற்பனை குறையவில்லை, ஆனால் மார்ஜின் வருடா வருடம் தேய்கிறது. என்னிடம் வழக்கமாகச் சரக்கு எடுக்கும் ஒரு மருத்துவமனையின் மெயின்டனன்ஸ் மேனேஜர், “எங்கள் கட்டடத்துக்கு எனர்ஜி மேனேஜ்மென்ட் சிஸ்டம் போட்டுத் தர முடியுமா?” என்று கேட்கிறார். மின்சாரம் எங்கே, எப்போது செலவாகிறது என்று அளந்து திரையில் காட்டும் ஏற்பாடு அது. அதே நேரத்தில் ஒரு கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி, அதற்கு வேண்டிய நாற்பது மீட்டரும், மீட்டர் அளவுகளைத் திரட்டி இணையத்துக்கு அனுப்பும் ஐந்து கேட்வேயும் இருப்பு வைத்தால் நல்ல ஸ்கீம் தருகிறோம் என்கிறார். பி.இ. முடித்த என் மகன் இதில் இறங்கலாம் என்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. இது நமக்கு ஆகிற வேலையா? என்னிடம் சரக்கு வாங்கும் கான்ட்ராக்டர்கள், அவர்கள் பிழைப்பில் நான் கைவைக்கிறேன் என்று நினைத்துவிட மாட்டார்களா? (பெயர் வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள திருச்சி வாசகருக்கு,

வணக்கம். உங்களுக்கு ஆகிற வேலைதான். இன்னும் சொன்னால், பெரிய ஊரிலிருந்து வந்து போர்டு மாட்டிவிட்டுப் போகிறவர்களைவிட உங்களுக்கே அதிகம் பொருந்தும். ஆனால் அந்தப் பிரதிநிதி சொல்கிற வழியில் நுழையாதீர்கள். நாற்பது மீட்டரை இருப்பு வைக்கும் பேச்சை இன்றைக்கே முடித்துவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

எல்.இ.டி. பல்பு நினைவிருக்கிறதா? மத்திய அரசின் ஈ.ஈ.எஸ்.எல். நிறுவனம் 2014 ஜனவரியில் ஒரு பல்பை 310 ரூபாய்க்குக் கொள்முதல் செய்தது. 2016-ல் அதே கொள்முதல் விலை 38 ரூபாய்க்கு வந்துவிட்டது. அந்த இரண்டரை வருடத்தில் குடோனில் பெட்டி பெட்டியாக லைட்டிங் வைத்திருந்த டிஸ்ட்ரிபியூட்டர்கள் பட்ட பாட்டை நீங்கள் என்னைவிட அருகிலிருந்து பார்த்திருப்பீர்கள். வோல்டேஜ், கரண்ட், யூனிட் எல்லாவற்றையும் ஒன்றாக அளக்கும் மல்டிஃபங்ஷன் மீட்டரும் அந்த வழியில்தான் போகிறது. இன்றைக்கு அதில் உங்களுக்கு நிற்பது மீட்டருக்குச் சில நூறு ரூபாய். நாளைக்கு ஆன்லைனில் அதே மாடல் உங்கள் கொள்முதல் விலைக்கே கிடைக்கும். பெட்டியை நகர்த்தி மட்டும் இந்தத் தொழிலில் நிற்க முடியாது.

அப்புறம் எதை விற்பது? கணக்கை. மருத்துவமனை மேனேஜரிடம் போய் மீட்டர் கேட்லாக்கை நீட்டாமல், கடந்த பன்னிரண்டு மாத ஈ.பி. பில்லைக் கேளுங்கள். நான் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான். பேனல் ரூமுக்குள் கால் வைப்பதற்கு முன்பே பாதி விஷயம் அந்தக் காகிதங்களில் இருக்கும்.

ஹெச்.டி. (உயர் அழுத்த இணைப்பு) பில்லில் யூனிட்டுக்குக் கட்டும் பணம் ஒரு பக்கம், டிமாண்டுக்கு, அதாவது ஒரே நேரத்தில் இழுக்கும் மின் அளவுக்கு, கே.வி.ஏ. கணக்கில் கட்டும் பணம் இன்னொரு பக்கம். தமிழ்நாட்டில் டிமாண்ட் கட்டணம் எப்படி வருகிறது என்றால், ஒப்பந்தத்தில் வாங்கி வைத்திருக்கும் கே.வி.ஏ.வில் 90 சதவீதம், அல்லது அந்த மாதம் பதிவான உச்ச டிமாண்ட், இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்ட வேண்டும். ஒப்பந்த அளவைத் தாண்டிவிட்டால் தாண்டிய கே.வி.ஏ.வுக்கு இரட்டிப்பு விலை. ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். மருத்துவமனை 400 கே.வி.ஏ. வாங்கியிருக்கிறது. வருடம் முழுக்கப் பார்த்தால், சித்திரை வெயிலில்கூட உச்சம் 290-ஐத் தாண்டவில்லை. ஆனாலும் மாதா மாதம் 360-க்குப் பணம் போகிறது. பயன்படுத்தாத 70 கே.வி.ஏ. அது. கே.வி.ஏ.வுக்கு 600 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால் மாதம் 42,000, வருடத்துக்கு ஐந்து லட்சம். ஒரு மீட்டர்கூட மாட்டாமல், டிமாண்டைக் குறைக்கச் சொல்லி ஒரு விண்ணப்பம் கொடுத்தே இதில் பெரும்பகுதியை மிச்சம் பிடிக்கலாம். அதில் உங்களுக்கு ஒரு பைசா வியாபாரம் இல்லை. இருந்தாலும் சொல்லுங்கள். அதைச் சொன்ன ஆளின் அடுத்த கொட்டேஷனை அந்த மேனேஜர் வேறு கண்ணோடு பார்ப்பார்.

ஆனால் அதே விண்ணப்பத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கவும் கூடாது. அடுத்த வருடம் ஒரு எம்.ஆர்.ஐ. மெஷின் வரப்போகிறது, மேலே ஒரு மாடி ஏறப்போகிறது என்றால் குறைத்த டிமாண்டை மறுபடி வாங்க அலைய வேண்டும். கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பில்லில் அடுத்துப் பார்க்க வேண்டியது பவர் ஃபேக்டர், இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு பங்கு உண்மையில் வேலை செய்கிறது என்று காட்டும் எண். ஹெச்.டி. இணைப்பில் 0.90-க்குக் கீழே போனால் அபராதம் என்பது உங்களுக்குத் தெரியும். அதை உயர்த்தும் கெப்பாசிட்டரை விற்பவராயிற்றே. ஆனால் அபராதம் வராத கட்டடங்களிலும் இதில் பணம் இருக்கிறது. 300 கிலோவாட் லோடு 0.91-ல் ஓடினால் டிமாண்ட் 330 கே.வி.ஏ. அதையே 0.98-க்குக் கொண்டுவந்தால் 306. உச்ச டிமாண்ட் 24 கே.வி.ஏ. குறைகிறது. ஒப்பந்த அளவை ஒட்டி ஓடும் கட்டடத்துக்கு இது பெரிய விஷயம். இங்கே ஒரு எச்சரிக்கை: யு.பி.எஸ்., மோட்டார் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. நிறைய உள்ள கட்டடத்தில் வெறும் கெப்பாசிட்டரைக் கொண்டுபோய்ப் போட்டால், அவை உண்டாக்கும் மின்னலைக் கோளாறான ஹார்மோனிக்ஸில் அது உப்பிப் போகும். கெப்பாசிட்டரை அதிலிருந்து காக்கும் டீடியூன்ட் ரியாக்டரோடு கூடிய, பவர் ஃபேக்டரைத் தானாகச் சரிசெய்யும் ஏ.பி.எஃப்.சி. பேனல்தான் அங்கே சரி. மருத்துவமனை என்றால் கட்டாயம் அளந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

பில் இவ்வளவு சொல்லும். சொல்லாதது ஒன்று உண்டு. பணம் எந்த ஃபீடரில் (பேனலிலிருந்து ஒவ்வொரு பகுதிக்கும் பிரியும் லைன்), எந்த நேரத்தில் போகிறது என்பது அதில் இருக்காது. மீட்டரும் கேட்வேயும் சாஃப்ட்வேரும் தேவைப்படுவது அதற்குத்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜவுளிக்கடைக் கட்டடத்துக்கு எரிசக்தித் தணிக்கைக்குப் போனேன். ஐந்து மாடி. இரவு பத்து மணிக்குக் கடை மூடியாகிவிடும். இரவில் செக்யூரிட்டி லைட், கேமரா, சர்வர் என்று எட்டு கிலோவாட் ஓடினால் அதிகம். மீட்டர் வைத்துப் பார்த்தால் விடியும்வரை 33 கிலோவாட். இரண்டு மாடியில் ஏ.சி. காற்றைத் தள்ளும் ஏ.எச்.யூ.வும் பேஸ்மென்ட் எக்ஸாஸ்ட் ஃபேன்களும் ராத்திரி முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தன. கடை மூடிய பிறகு கூட்டிப் பெருக்குபவர்களுக்கு வேர்க்கிறது என்று யாரோ ஒரு நாள் அணைக்காமல் விட்டிருக்கிறார்கள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. 25 கிலோவாட், எட்டு மணி நேரம், முப்பது நாள்: 6,000 யூனிட். யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தாலே மாதம் 48,000. சரிசெய்ய ஆன பொருள் இரண்டு டைமர், சில கான்டாக்டர், கொஞ்சம் ஒயர். பெருக்குபவர்களுக்குச் சுவரில் நான்கு ஃபேன் மாட்டச் சொன்னோம். அவர்கள் வேர்த்துக்கொண்டு வேலை செய்து வரும் மிச்சம் யாருக்கும் வேண்டாம்.

அந்த டைமரும் கான்டாக்டரும் ஃபேனும் யார் கடையிலிருந்து போனது என்று யோசித்துப் பாருங்கள். உங்களைப் போன்ற ஒருவர் கடையிலிருந்துதான். மீட்டர் காட்டும் ஒவ்வொரு ஓட்டையையும் அடைக்கத் தேவையான பொருள் ஏற்கெனவே உங்கள் ரேக்கில் இருக்கிறது. ஏ.எச்.யூ. ஃபேனின் வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். வேகத்தின் மூன்றாம் அடுக்கில் சக்தி மாறுவதால் 0.8-ஐ மூன்று முறை பெருக்கினால் 0.51 வருகிறது. களத்தில் அவ்வளவு துல்லியமாக வராது, ஆனாலும் ஒரு வி.எஃப்.டி.யை விற்க இதைவிட நேர்மையான காரணம் வேண்டுமா? வணிகக் கட்டடங்களில் மின்சாரத்தின் பெரும்பங்கு ஏ.சி.க்கே போகிறது என்பதால் முதல் மீட்டர்களை சில்லர் (ஏ.சி.க்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின்), ஏ.எச்.யூ. ஃபீடர்களில் வையுங்கள். லைட்டிங் ஃபீடருக்கு அப்புறம் வரலாம்.

இனி கொஞ்சம் கசப்பான பக்கம். இந்த சிஸ்டங்கள் எங்கே தோற்கின்றன என்று தெரியாமல் இறங்கக் கூடாது.

தொழிலின் தொடக்கத்தில் நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். பதினொரு மீட்டர் உள்ள ஒரு கட்டடம். ஒரு சில்லர் ஃபீடரில், கேபிளின் கரண்டை மீட்டருக்காகச் சிறிதாக்கித் தரும் மூன்று சிடியில் (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) ஒன்று திரும்பி மாட்டப்பட்டிருந்தது. சப்ளையைப் பார்க்க வேண்டிய பி1 பக்கம் லோடைப் பார்த்து, பி2 பக்கம் சப்ளையைப் பார்த்து. லோடு சமமாக இருக்கும்போது இரண்டு ஃபேஸ் கூட்டலாகவும் ஒன்று கழித்தலாகவும் போய், மொத்தம் மூன்றில் ஒரு பங்குதான் காட்டும். திரையில் எண் அழகாக இருந்தது. உங்கள் சில்லர் மிகச் சிக்கனமாக ஓடுகிறது என்று முதலாளியிடம் நானே சொன்னேன். மூன்று மாதம் கழித்து எல்லா ஃபீடரையும் கூட்டி மெயின் மீட்டரோடு ஒப்பிட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. அவர் முகத்தைப் பார்த்துத் தவறு என்று சொல்ல வேண்டியிருந்தது. அன்றிலிருந்து ஒரு சைட்டை ஒப்படைப்பதற்கு முன் இந்தக் கூட்டலைச் செய்யாமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. மெயின் மீட்டரும் ஃபீடர்களின் கூட்டுத்தொகையும் சில சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். போகவில்லையென்றால் சிடி ரேஷியோ தவறாகப் போட்டிருப்பார்கள், அல்லது சிடி திரும்பியிருக்கும், அல்லது ஆர் ஃபேஸ் சிடியின் ஒயர் ஒய் ஃபேஸில் போயிருக்கும். சாஃப்ட்வேர் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் இதைத் தானாகத் திருத்தாது.

மருத்துவமனையில் ஷட்டவுன் கிடைக்காது. அங்கே ஸ்பிளிட் கோர் சிடி உதவும், கேபிளைக் கழற்றாமல் மாட்டலாம். இரண்டு பாதியும் சேரும் இடத்தில் தூசியில்லாமல் இறுக மூட வேண்டும், இல்லாவிட்டால் அளவு தப்பும். எந்த சிடியாக இருந்தாலும் லோடு ஓடும்போது அதன் செகண்டரி (மீட்டருக்குப் போகும் பக்கம்) திறந்து கிடக்கக் கூடாது. ஆளைக் கொல்லும் வோல்டேஜ் வரும். அந்தப் பக்கத்தை இணைத்து மூடும் ஷார்ட்டிங் லிங்க் உள்ள டெர்மினல் பிளாக் இல்லாமல் ஒரு மீட்டரும் மாட்ட விடாதீர்கள். விலைக்காக அதை விட்டுவிடலாம் என்று யார் சொன்னாலும் அந்த ஆர்டரே வேண்டாம்.

அடுத்த தோல்வி கேபிளில். மீட்டர்கள் கேட்வேயோடு பேசுவது ஆர்.எஸ்.485 லைனில், மோட்பஸ் மொழியில். அதற்கு ஷீல்டு உள்ள ட்விஸ்டட் பேர் கேபிள் வேண்டும். ஒரு மீட்டரிலிருந்து அடுத்ததுக்கு, அதிலிருந்து அடுத்ததுக்கு என்று சங்கிலியாகப் போக வேண்டும். ஆளாளுக்குக் கிளை பிரித்து இழுக்கக் கூடாது. ஒரு லைனில் 32 கருவி என்பது வழக்கமான வரம்பு, இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர். ஒவ்வொரு மீட்டருக்கும் தனி ஐ.டி. எண். இவ்வளவுதான். ஆனால் சைட்டில் என்ன நடக்கிறது? கையில் மிச்சமிருக்கும் சாதா ஒயரை எடுத்து, பவர் கேபிள் போகும் அதே ட்ரேயில் இழுத்துவிடுவார்கள். லிஃப்ட் ஓடும்போதெல்லாம் டேட்டா அறுந்து போகும். கேபிள் உங்கள் தொழில். சரியான கேபிளை மீட்டரோடு சேர்த்தே கொட்டேஷனில் போட்டுவிடுங்கள், “கேபிள் வாடிக்கையாளர் பொறுப்பு” என்று எழுதாதீர்கள்.

மூன்றாவது தோல்விதான் எனக்கு அதிக வருத்தம் தருவது. எல்லாம் சரியாக மாட்டியிருக்கும், திரையில் வண்ண வண்ணமாக வரைபடம் ஓடும், பார்க்க ஆள் இருக்காது. ஒரு வருடம் கழித்து கேட்வேயின் சிம்முக்கு யாரும் ரீசார்ஜ் செய்திருக்க மாட்டார்கள், டேட்டா எப்போதோ நின்றிருக்கும், அது நின்றதுகூட ஒருவருக்கும் தெரிந்திருக்காது. இப்படி இருட்டிப் போன திரைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். உங்கள் வாய்ப்பு இங்கேதான் இருக்கிறது. நீங்கள் உள்ளூர்க்காரர். அரை மணி நேரத்தில் அந்தப் பேனல் ரூமில் நிற்க முடியும். மாதம் ஒரு முறை உங்கள் ஆள் போய், டேட்டா வருகிறதா என்று பார்த்து, அந்த மாத ஈ.பி. பில்லோடு ஒப்பிட்டு, ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். இரவு லோடு எவ்வளவு, உச்சம் எந்த நாள் எத்தனை மணிக்கு வந்தது, போன மாதத்தைவிட எந்த ஃபீடர் ஏறியிருக்கிறது. தமிழிலேயே எழுதுங்கள், எலக்ட்ரீஷியனும் படிக்கட்டும். இதற்கு வருடக் கட்டணம் வாங்குங்கள். சிம், கிளவுட் சந்தா எல்லாம் அதற்குள் அடங்கட்டும். இலவசமாகச் செய்யாதீர்கள். இலவசமாகக் கிடைப்பதை யாரும் படிப்பதில்லை, நீங்களும் ஆறாவது மாதம் போக மாட்டீர்கள்.

அந்த மெயின்டனன்ஸ் மேனேஜரையும் அவருக்குக் கீழே இருக்கும் எலக்ட்ரீஷியன்களையும் பற்றி ஒரு வார்த்தை. இரவில் ஏ.எச்.யூ. ஓடியது திரையில் தெரிந்ததும் முதலாளி முதலில் கேட்பது “யார் அணைக்காமல் விட்டது?” என்றுதான். மீட்டர் தங்களை மாட்டிவிடும் கருவி என்று ஆகிவிட்டால், அவர்கள் அதைச் சத்தமில்லாமல் செயலிழக்கச் செய்துவிடுவார்கள். அவர்கள் நிலைமையில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைப்பேன். அதனால் அறிக்கையை முதலில் மேனேஜரிடம் கொடுத்து, சரிசெய்ய ஒரு வாரம் விட்டு, “மேனேஜர் கண்டுபிடித்துச் சரிசெய்தார்” என்ற வரியோடு முதலாளிக்குப் போகும்படி செய்யுங்கள்.

கான்ட்ராக்டர்கள் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. 22 வருட உறவு அது. இன்ஸ்டலேஷன் வேலையை நீங்கள் தொடாதீர்கள். சிடி மாட்டுவது, கேபிள் இழுப்பது, பேனலில் மீட்டருக்கு வெட்டுவது எல்லாம் அந்தக் கட்டடத்தில் ஏற்கெனவே வேலை செய்யும் கான்ட்ராக்டருக்கே போகட்டும், அவர் கூலியைக் கொட்டேஷனில் தனி வரியாகக் காட்டுங்கள். உங்கள் ஆள் செய்ய வேண்டியது கடைசிச் சோதனை, கமிஷனிங் (இயக்கிக் காட்டி ஒப்படைப்பது), மாத அறிக்கை. உங்களிடம் வாங்கும் கான்ட்ராக்டர்களைக் கூப்பிட்டு, சிடி திசையையும் மோட்பஸ் வயரிங்கையும் பற்றி ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சொல்லிக் கொடுங்கள். டீ, வடையோடு. அவர்கள் அடுத்த சைட்டில் உங்கள் பெயரைத்தான் சொல்வார்கள்.

எல்லாக் கட்டடத்துக்கும் இது பொருந்தாது. தோராயமாக 100 கிலோவாட் அல்லது 120 கே.வி.ஏ.வுக்கு மேலே உள்ள இடங்களைப் பாருங்கள். புதிய வணிகக் கட்டடங்களுக்கான மத்திய அரசின் எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதிகளில் 2017 பதிப்பு வைத்த எல்லையும் அதுதான். மருத்துவமனை, ஹோட்டல், பெரிய ஜவுளிக்கடை, ஐ.டி. அலுவலகம் நல்ல தொடக்கம். கல்யாண மண்டபத்தைத் தேடிப் போக வேண்டாம். ஆடியிலும் மார்கழியிலும் பூட்டிக் கிடக்கும் இடம் அது, ஆனாலும் ஹெச்.டி. இணைப்பு என்றால் 90 சதவீத டிமாண்ட் கட்டியாக வேண்டும். அவர்களுக்கு டிமாண்ட் கணக்கைப் போட்டுக் கொடுத்தால் போதும், மீட்டர் வரிசை வீண் செலவு.

பணம் விஷயம் சுருக்கமாக. சேமிப்பில் பங்கு என்ற ஒப்பந்தத்துக்கு இப்போது போகாதீர்கள். அடுத்த கோடை கடுமையாக இருக்கும், அவர்கள் ஒரு வார்டு கூட்டுவார்கள், சேமிப்பு எங்கே என்ற சண்டை வரும், உங்கள் முதல் அதில் முடங்கும். பொருளுக்கு டெலிவரியில் பணம், கமிஷனிங் முடிந்ததும் மீதி. இத்தனை சதவீதம் மிச்சமாகும் என்று எழுத்தில் வாக்குக் கொடுக்காதீர்கள். கம்பெனிப் பிரதிநிதியிடம் இருப்புக்குப் பதிலாக ஐந்து மீட்டரும் ஒரு கேட்வேயும் டெமோவுக்குக் கேளுங்கள். மோட்பஸில் பேசாத, தன் சாஃப்ட்வேரோடு மட்டுமே பேசும் மீட்டர் என்றால் வேண்டாம். மோட்பஸ் 1979-ல் வந்தது, இன்னும் எல்லோரும் பேசுகிறார்கள். சாஃப்ட்வேர் கம்பெனி மூடினாலும் உங்கள் வாடிக்கையாளரின் மீட்டர் உயிரோடு இருக்கும்.

மகனை மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகமான பி.இ.இ.யின் தேசியச் சான்றிதழ் தேர்வுக்குப் படிக்கச் சொல்லுங்கள். எனர்ஜி மேனேஜருக்கு மூன்று தாள், ஆடிட்டருக்கு நான்கு. தகுதி, முன் அனுபவ விதிகளைப் பார்த்து எது முதலில் எழுதலாம் என்று முடிவு செய்யட்டும். படிப்பு ஒரு பக்கம் இருக்க, அந்த மருத்துவமனையின் பேனல் ரூமில் எலக்ட்ரீஷியன்களோடு ஒரு வாரம் அவன் நிற்க வேண்டும், இரவு ஷிஃப்ட்டும் சேர்த்து. எந்த ஃபீடர் எங்கே போகிறது என்று அவன் கையால் ஒரு படம் வரையட்டும். பல கட்டடங்களில் பேனலில் ஒட்டியிருக்கும் பெயர் ஒன்று, கேபிள் போகும் இடம் வேறு.

பன்னிரண்டு பில்லும் அந்தப் படமும் கைக்கு வந்ததும் எனக்கு அனுப்புங்கள். முதல் ஐந்து மீட்டரை எங்கே வைப்பது என்று சேர்ந்து பார்ப்போம்.